சேலத்திலிருந்து ஸ்கூபா கற்கப் போகிறவர்களுக்கு: ஆலோசனை சொல்பவரை எடைபோடும் முறை

சேலத்துக்கும் கடலுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரப் பயணம் இருக்கிறது. இதனால் இங்கிருந்து ஸ்கூபா டைவிங் (காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் இறங்குதல்) கற்க விரும்புகிறவர், பயிற்சி மையத்தின் வாசலை மிதிப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, முகம் தெரியாத ஒருவரின் சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டியுள்ளது. எந்தப் பயிற்சி, எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு பணம் என்பதில் தொடங்கி, ஆஸ்துமா இருந்தால் இறங்கலாமா என்பது வரை கைப்பேசியில்தான் கேட்கிறோம். பதில் சொல்பவர்களில் பலர் தங்களை நிபுணர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். மெய்யாகவே அறிந்தவர்களும் அவர்களில் உண்டு. ஒன்றிரண்டு முறை அந்தமான் போய் வந்துவிட்டு ஊருக்கெல்லாம் வழிகாட்டுகிறவர்களும் உண்டு.

எனக்குக் கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. யார் சொல்வது சரி என்று பிரித்தறிவதற்குள் ஒரு டைவிங் பருவமே கழிந்துவிட்டது. அந்த அலைச்சல் அடுத்தவருக்கு வேண்டாம் என்பதற்காக, நான் விசாரித்து அறிந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். தவறான ஆலோசனை இந்தத் துறையில் நுரையீரலையும் செவிப்பறையையும் நேரடியாகப் பாதிக்கும் என்பதால், கேள்வி கேட்பதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

1. அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேளுங்கள்

"நான் சர்டிஃபைட் டைவர்" என்ற சொல் மட்டும் உங்களுக்கு எதையும் தெரிவிப்பதில்லை. பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI), நாவி (NAUI), சி.எம்.ஏ.எஸ். (CMAS) முதலிய பன்னாட்டுப் பயிற்சி அமைப்புகள் தரும் சான்றிதழ்களில் பல படிகள் உள்ளன. இந்தியாவில் பெரும்பாலும் கண்ணில் படுவது பாடியும் எஸ்.எஸ்.ஐ.யும்தான் என்பதால், பாடியின் படிகளை வைத்துச் சொல்கிறேன்; மற்ற அமைப்புகளிலும் இதற்கு இணையான படிகள் இருக்கின்றன.

கீழ்ப்படி ஓப்பன் வாட்டர் டைவர். இவர் ஒரு துணையோடு 18 மீட்டர் ஆழம் வரை இறங்கப் பயிற்சி பெற்றவர். அடுத்தது அட்வான்ஸ்டு, இதன் எல்லை 30 மீட்டர். அதற்கும் மேலே ரெஸ்க்யூ டைவர். பெயர் பெரிதாக ஒலித்தாலும், இந்த மூன்றும் பொழுதுபோக்கு டைவருக்கான படிகளே. தொழில்முறை தொடங்குவது டைவ்மாஸ்டரில்தான். 18 வயது நிறைந்து, குறைந்தது 60 டைவ்கள் பதிவு செய்திருந்தால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். டைவ்மாஸ்டர் ஏற்கெனவே சான்றிதழ் உள்ளவர்களைக் கடலுக்குள் வழிநடத்தலாம், வகுப்பில் ஆசிரியருக்கு உதவலாம். ஆனால் உங்களுக்கு ஓப்பன் வாட்டர் சான்றிதழ் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்த அதிகாரம் இன்ஸ்ட்ரக்டருக்கு உரியது. இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்குப் போவதற்கே 100 டைவ்கள் பதிவாகியிருக்க வேண்டும்.

கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவரெல்லாம் டிரைவிங் ஸ்கூல் நடத்த முடியாது என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே வேறுபாடுதான். ஓப்பன் வாட்டர் டைவர் ஒருவர் தன் பயணம் எப்படி இருந்தது, எந்தத் தங்குமிடம் வசதியானது, கடல் எந்த மாதம் தெளிவாக இருந்தது என்று சொல்வதைத் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் காதுக்கோ இதயத்துக்கோ அவர் தீர்ப்புச் சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

2. எண்ணை வாங்கிச் சரிபாருங்கள்

தொழில்முறைப் படியில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவருடைய அமைப்பு ஓர் உறுப்பினர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைக் கொண்டு ஒருவருடைய நிலையைப் பொதுமக்கள் சரிபார்க்கும் வசதியைப் பாடி தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. எஸ்.எஸ்.ஐ. தனது செயலியில் மின் அட்டை தருவதால், அந்த அமைப்பின் ஆசிரியர் கைப்பேசியை எடுத்தே காட்டிவிடலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் போதும்.

சரிபார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, படிநிலை. இரண்டாவது, பெயர் அவருடைய ஆதார் பெயரோடும் பயிற்சி மையம் சொல்லும் பெயரோடும் பொருந்துகிறதா என்பது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: அவர் இந்த ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறாரா என்பது. பொழுதுபோக்கு டைவரின் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. கற்றுக்கொடுக்கும் தகுதியை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இன்ஸ்ட்ரக்டராக இருந்துவிட்டு, புதுப்பிக்காமல், இன்றும் அதே பெயரில் மாணவர் சேர்ப்பவர் உங்களுக்குச் சான்றிதழ் வழங்க முடியாது. இறுதியில் வேறொருவர் கையொப்பத்தில் அட்டை வந்து சேரும். தண்ணீருக்குள் உங்களோடு இல்லாத ஒருவர், உங்களுக்குத் திறன் இருக்கிறது என்று கையெழுத்திட்டிருப்பார்.

அட்டையின் புகைப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒருவர் எனக்கு அனுப்பிய படத்தில் முகமும் பெயரும் அமைப்பின் முத்திரையும் பளிச்சென்று இருந்தன, கீழ்ப்பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. முழுப் படத்தையும் அனுப்பும்படி கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்த படத்தில், வெட்டப்பட்டிருந்த இடத்தில் ரெஸ்க்யூ டைவர் என்று அச்சாகியிருந்தது. அதுவரை அவர் தன்னை மாஸ்டர் என்றே குறிப்பிட்டு வந்தார். எண்ணைக் கேட்டதும் கோபப்படுகிறவரையும், "என்னை நம்பவில்லையா?" என்று பேச்சைத் திருப்புகிறவரையும் அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். முறையான ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்குப் பழகியவர்கள். நான் கேட்ட உடனே எண்ணை எழுதி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

சான்றிதழில் உள்ள அமைப்பின் பெயர் நீங்கள் கேள்விப்படாததாக இருந்தால், அந்தப் பயிற்சி ஐ.எஸ்.ஓ. 24801 தரத்தின் இரண்டாம் பகுதிக்கு இணங்கியதா என்று கேளுங்கள். துணையோடு தானே இறங்கக்கூடிய டைவருக்கான பன்னாட்டுத் தரம் அதுதான். அது இல்லாத அட்டையை நீட்டினால், நாளை வேறு ஊரின் டைவ் மையத்தில் உங்களை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிடலாம். கட்டிய பணம் வீணாகும்.

3. அனுபவம் எத்தகையது என்று பாருங்கள்

அட்டை இருப்பது மட்டும் போதாது. லாக்புக் என்று சொல்லப்படும் டைவ் பதிவேட்டின் கடைசிச் சில பக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். நாள், இடம், அதிகபட்ச ஆழம், நீருக்குள் இருந்த நேரம், தொடக்கத்திலும் முடிவிலும் சிலிண்டரில் இருந்த அழுத்தம், உடன் இறங்கியவரின் கையொப்பம் ஆகியவை ஒரு நல்ல பதிவில் இருக்கும். இப்போது பலர், ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கருவியான டைவ் கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாகக் கைப்பேசிக்கு ஏற்றிவிடுகிறார்கள், அதுவும் ஏற்கத்தக்கதே. தொடக்க அழுத்தம் 200 பார் (அழுத்தத்தின் அலகு) என்றும் முடிவு 50 பாருக்குக் குறையாமலும் தொடர்ந்து பதிவாகியிருந்தால், அவர் கையிருப்புக் காற்றோடு மேலேறும் ஒழுங்கு உள்ளவர் என்று கொள்ளலாம். முடிவு அழுத்தம் 10, 15 என்று அடிக்கடி இருந்தால், எத்தனை நூறு டைவ் இருந்தாலும் அவரோடு இறங்குவதை நான் விரும்பமாட்டேன். கடைசிப் பதிவு எப்போது என்பதையும் பாருங்கள்.

இங்கே இன்னொரு வகையினரைப் பற்றி மரியாதையோடு சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கும் தொழிலாளர்கள் கடலை அறிந்த அளவுக்கு எந்த ஆசிரியரும் அறிந்திருக்கமாட்டார். கடற்படையில் பணியாற்றியவர்களும் மீட்புப் பணிக்காக முங்குபவர்களும் மெய்யான அனுபவசாலிகள். ஆனால் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு பிழைப்புக்காக நீண்ட நேரம் அடியில் இருப்பவரின் பழக்கத்தையோ, முழு மருத்துவக் குழு கரையில் காத்திருக்க இறங்கும் கடற்படை வீரரின் முறையையோ, விடுமுறையில் கற்கப் போகும் ஒருவர் பின்பற்றக் கூடாது. அவர்களிடம் நீரோட்டம், அலை, பருவம் பற்றிக் கேளுங்கள். ஆழத்துக்கும் நேரத்துக்கும் மேலேறும் வேகத்துக்கும் உங்கள் பயிற்சி அமைப்பின் எல்லைகளே பொருந்தும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆழமான விவசாயக் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். அந்த நீச்சல் திறமை பயிற்சியில் பெரிதும் உதவும். அதை வைத்துக்கொண்டு, "கிணற்றிலேயே சிலிண்டரோடு பழகிக்கொள்ளலாம்", "மேட்டூர் அணையில் சொல்லித்தருகிறேன்" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். கலங்கிய நீர், குறுகிய சுவர், படிக்கட்டின்றி நிற்கும் கரை, உதவிக்குப் படகோ ஆக்சிஜனோ இல்லாத நிலை என எல்லாமே அங்கே பாதகமானவை. முதல் பயிற்சி நீச்சல் குளத்திலோ, ஆழம் குறைந்த அமைதியான தெளிந்த கடற்பகுதியிலோ நடைபெற வேண்டும்.

4. ஏற்காடு பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்

ஒருவரின் அறிவை அளக்க எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கேள்வி இது: "புதுச்சேரியில் காலையில் டைவ் முடித்துவிட்டு, அன்று மாலையே காரில் சேலம் வந்து, இரவு தங்க ஏற்காடு ஏறலாமா?"

இது நம்மில் பலருக்கு நிஜமாகவே எழும் கேள்வி. உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகப் புதுச்சேரியிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் சேலம் வந்துவிடலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு, ஏற்காட்டுக்குப் போய்விடுகிறோம். ஏற்காட்டில் வீடோ தோட்டமோ உள்ளவர்களுக்கு அது வீடு திரும்பும் வழி.

ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடல் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது வெளியேறப் பல மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்குள் வெளி அழுத்தம் குறைந்தால், மீதமிருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகி, மூட்டுவலி முதல் கை கால் மரத்துப்போதல், பக்கவாதம் வரை கொண்டுபோகும் டிகம்ப்ரஷன் நோய் உண்டாகலாம். விமானத்தில் ஏறும் முன் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். டைவர்களின் பாதுகாப்புக்காக 1980இல் தொடங்கப்பட்ட டான் (DAN) அமைப்பின் பரிந்துரைப்படி, மேலேறும் வழியில் கட்டாய இடைநிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பல டைவ்களோ பல நாள் டைவ்களோ செய்த பிறகு குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். கட்டாய இடைநிறுத்தம் தேவைப்பட்ட டைவ்களுக்கு அதைவிட வெகுவாகக் கூடுதலாக வேண்டும். இந்தக் கணக்கு விமான அறையின் அழுத்தம் 2,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு ஒப்பாக இருக்கும் நிலைக்கானது. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. மலைப்பாதையில் போனாலும் வானத்தில் போனாலும் உடலுக்குக் குறைவது அதே காற்றழுத்தம்தான்.

இனி எனக்கு வந்த பதில்களைப் பாருங்கள். "ஃப்ளைட்டுக்குத்தான் தம்பி அந்தக் கணக்கு, காரில் போவதற்கு என்ன?" என்றார் ஒருவர். அவர் விதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார், காரணம் தெரியாது. அவர் சொல்லும் மற்ற விதிகளையும் அதே ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். "24 மணி நேரம் மலை ஏறாதீர்கள்" என்று ஒரே வரியில் சொன்னார் இன்னொருவர். பாதுகாப்பான பதில், பின்பற்றினால் கெடுதல் இல்லை. புதுச்சேரிப் பக்கம் கற்றுத்தரும் ஓர் ஆசிரியர் மட்டும் பதில் சொல்வதற்கு முன் என்னைக் கேட்டார்: "எத்தனை டைவ் சார்? எவ்வளவு ஆழம்? முதல் நாளும் இறங்கியிருந்தீர்களா? கடைசி டைவ் முடிந்து மேலே வந்தது எத்தனை மணிக்கு?" அதன் பிறகுதான், இரண்டு டைவ் என்றால் அன்றிரவு சேலத்திலேயே தங்கிவிட்டு மறுநாள் பிற்பகல் ஏறும்படி சொன்னார். நான் தேடிக்கொண்டிருந்தது இப்படிப்பட்டவரைத்தான். இந்தத் துறையில் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கேட்பவரைப் பொறுத்து மாறும் என்பதால், உங்களைப் பற்றி எதுவுமே கேட்காமல் உறுதியாகப் பதில் சொல்கிறவரை, அவர் தொனி எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

கர்நாடகத்தின் முருடேஸ்வரம் அருகே நேத்ராணித் தீவில் இறங்கப் போகிறவர்கள் இதே கேள்வியைப் பெங்களூரை வைத்துக் கேட்கலாம். கடற்கரையிலிருந்து மலைத்தொடரைக் கடந்து, சுமார் 900 மீட்டர் உயரமுள்ள பெங்களூர் வழியாகத்தான் பலர் சேலம் திரும்புகிறார்கள்; இரவுப் பேருந்துக்கு முன்பதிவு செய்யச் சொல்லும் முன் இதை யோசிக்கிறாரா என்று பாருங்கள்.

5. அடிக்கடி காதில் விழும் தவறான கூற்றுகள்

"நைட்ராக்ஸ் இருந்தால் இன்னும் ஆழமாகப் போகலாம்." நேர்மாறானது. நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் விகிதம் கூட்டப்பட்ட காற்று. ஒரே ஆழத்தில் கூடுதல் நேரம் இருக்க அது உதவும். ஆனால் அழுத்தத்தோடு ஆக்சிஜனே நஞ்சாகும் எல்லை சீக்கிரம் வந்துவிடுவதால், 32 சதவீதக் கலவையின் வழக்கமான எல்லை ஏறத்தாழ 34 மீட்டர், 36 சதவீதத்துக்கு ஏறத்தாழ 29 மீட்டர். இதைத் தலைகீழாகச் சொல்பவர் ஆபத்தானவர்.

"ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்குவோம்." பேச்சுவழக்கில் இப்படிச் சொல்லிப் பழகியவர்கள் நிறையப் பேர், அதற்காக ஒருவரை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், வடிகட்டி அழுத்தப்பட்ட சாதாரணக் காற்று, 21 சதவீதம் ஆக்சிஜன் என்ற பதில் வர வேண்டும். தூய ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரக்கூடும்.

"காது வலித்தால் மூக்கைப் பிடித்துப் பலமாக ஊது, திறந்துகொள்ளும்." வலிப்பதற்கு முன்பே, இறங்கும்போதே, மென்மையாகவும் அடிக்கடியும் செய்ய வேண்டிய செயல் அது. காது திறக்கவில்லை என்றால் சற்று மேலேறி மீண்டும் முயல வேண்டும். அப்போதும் முடியாவிட்டால் அன்றைய டைவை விட்டுவிட வேண்டும். சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கச் சொல்பவரும் இதே வகையினர். மாத்திரையின் வீரியம் நீருக்கடியில் குறைந்துவிட்டால், விரிவடையும் காற்று வெளியேற வழியின்றி மேலேறும்போது காதும் நெற்றிப் புழைகளும் அடைத்துக்கொள்ளும்.

"ஏதாவது ஆகிவிட்டால் திரும்பக் கீழே இறங்கினால் சரியாகிவிடும்." டிகம்ப்ரஷன் நோய் என்று ஐயம் வந்தால் முதலுதவி 100 சதவீத ஆக்சிஜன், அடுத்தது மருத்துவமனை, தேவைப்பட்டால் அழுத்த அறைச் சிகிச்சை. மீண்டும் இறங்கச் சொல்பவரிடம் நீங்கள் கற்க எதுவும் இல்லை.

அறிவு மாறும்போது அதோடு மாறுகிறாரா என்பதும் ஒரு நல்ல அளவுகோல். மேலேறும்போது அதிக ஆழத்திலேயே முதல் நிறுத்தம் செய்யும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாகப் போற்றப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கால அளவுள்ள மேலேற்றத்தில் ஆழமான நிறுத்தங்களைச் செய்தவர்களுக்கே டிகம்ப்ரஷன் நோய் அதிகம் வந்தது தெரிந்தது; அதன் பிறகு பலர் தங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டார்கள். தொடக்கநிலை மாணவருக்கு இதில் நேரடி வேலை இல்லை. உங்களுக்கு வேண்டியது 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் மட்டுமே. ஆனால் "முன்பு இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது சொல்வதில்லை" என்று சொல்லத் தயங்காதவரை நான் கூடுதலாக நம்புகிறேன்.

எல்லா முரண்பாடும் அறியாமை அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர் என்று ஒருவரும் 18 மீட்டருக்கு மேல் கூடாது என்று மற்றொருவரும் சொல்லக்கூடும். இரண்டும் அந்தந்த அமைப்பின் பாடத்தில் உள்ளவையே. எந்தப் பாடத்திலிருந்து சொல்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். மெதுவானதைப் பின்பற்றுங்கள்.

6. உடல்நலப் படிவத்தில் பொய் எழுதச் சொல்பவரை விட்டு விலகுங்கள்

பயிற்சிக்கு வேண்டிய ஆவணங்கள் அதிகம் இல்லை: ஆதார், புகைப்படம், பொறுப்பேற்பு ஒப்புதல், 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையொப்பம், டைவர் உடல்நலப் படிவம். கடைசியாகச் சொன்ன படிவம்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது.

இன்று பெரும்பாலான அமைப்புகள் பயன்படுத்தும் படிவம் 2020இல் திருத்தப்பட்டது. முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள்: நுரையீரல், இதயம், வயது 45ஐக் கடந்தவரா, 14 நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் நடக்கச் சிரமப்படுகிறவரா, காது மூக்குச் சிக்கல்கள், 12 மாதங்களுக்குள் அறுவைச் சிகிச்சை, மயக்கம் அல்லது வலிப்பு, மன நலம், சர்க்கரை நோய், வயிறு, தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் என்று அவை போகின்றன. பத்துக்கும் 'இல்லை' என்றால் மருத்துவர் கையொப்பம் தேவையில்லை. 3, 5, 10 ஆகிய கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவற்றுக்கு 'ஆம்' என்றால் இரண்டாம் பக்கத்தின் துணைக் கேள்விகளை நிரப்ப வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் போலி நிபுணர்கள் மிகுந்த தீங்கு செய்கிறார்கள். "எல்லாவற்றுக்கும் நோ போட்டுவிடுங்கள் அக்கா, ஒன்றும் ஆகாது" என்று ஆஸ்துமா உள்ள என் உறவினர் ஒருவரிடம் சொல்லப்பட்டது. ஆஸ்துமாவில் சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று சிக்கிக்கொள்ளலாம். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அந்தக் காற்றின் கன அளவு இரண்டு மடங்காகும். நுரையீரல் கிழியவும் குமிழி மூளைக்குச் செல்லவும் வாய்ப்புண்டு. ஆஸ்துமா உள்ள எல்லோரும் டைவ் செய்யக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. பரிசோதித்துப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவை, தன் வசூலுக்காக ஒருவர் நிமிடத்தில் சொல்லிவிடுகிறார் என்பதே குற்றம். அந்த உறவினர் மருத்துவரைப் பார்த்த பிறகு, இறங்குவதில்லை என்று முடிவு செய்தார்.

சேலத்தில் மருத்துவரிடம் போகும்போது படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்துச் செல்லுங்கள். கடலோர ஊர் மருத்துவர்களைப் போல நம் மருத்துவர்களுக்கு இது அடிக்கடி வருவதில்லை. மருத்துவர் நிரப்ப வேண்டிய பக்கமும் அதில் இருக்கிறது. காது மூக்குத் தொண்டை மருத்துவரை முதலில் பார்ப்பது நல்லது. மூச்சுத்திறன் பரிசோதனையோ காது கேட்கும் திறன் பரிசோதனையோ எழுதிக்கொடுக்கலாம் என்பதால், இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பயணச்சீட்டு எடுத்த பிறகு மருத்துவரிடம் போகிறவர்களுக்குத்தான் பொய் எழுதும் ஆசை வருகிறது.

7. பணத்தைக் கொண்டும் ஆளை அறியலாம்

நான் விசாரித்தபோது, சான்றிதழ் இல்லாத ஒருமுறை அனுபவ டைவுக்கு 4,000 முதல் 7,000 ரூபாய் வரையும், ஓப்பன் வாட்டர் பயிற்சிக்கு 25,000 முதல் 40,000 ரூபாய் வரையும் சொன்னார்கள். குறைவாகச் சொன்ன பலர் பாடநூல் கட்டணத்தையும் சான்றிதழ் கட்டணத்தையும் ஜி.எஸ்.டி.யையும் தனியாக வைத்திருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் வேறுபாடு சுருங்கிவிட்டது. ஆகவே எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் கேளுங்கள்.

மிகப் பரவலான பொறி, அனுபவ டைவையும் ஓப்பன் வாட்டர் பயிற்சியையும் குழப்பிவிடுவது. "ஒரே நாளில் சான்றிதழ், நீச்சல் தெரிய வேண்டியதில்லை" என்று விளம்பரம் செய்கிறார்கள். நீச்சல் தெரியாதவர் ஆசிரியரின் கைப்பிடியில் அனுபவ டைவ் செய்யலாம் என்பது மெய். முடிந்ததும் ஒரு நினைவுச் சான்றும் தரலாம். ஆனால் அது டைவர் சான்றிதழ் ஆகாது. ஓப்பன் வாட்டருக்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும். நேர வரம்பு இல்லை, எந்த முறையிலும் நீந்தலாம். குளப் பயிற்சியோடு கடலில் நான்கு டைவ்கள் முடிக்க வேண்டும். அவற்றை ஒரே நாளில் முடிக்க விதி இடம் தருவதில்லை. பொதுவாக மூன்று அல்லது நான்கு நாள் ஆகும். இந்த வேறுபாட்டைத் தானாக முன்வந்து சொல்பவர் நம்பத்தக்கவர்.

ஆலோசனை சொல்பவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். உண்டு என்று சொல்வதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. முதல் பயிற்சிக்கு முன்பே ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி), பி.சி.டி. (மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி), டைவ் கம்ப்யூட்டர் என்று ஒரு பட்டியலை நீட்டி, தன்னிடமே பழையது இருப்பதாகச் சொல்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள். பயிற்சிக் கட்டணத்திலேயே கருவிகள் அடங்கும். முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க் ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்கலாம். அதையும் கையில் வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்த பிறகு.

8. நாள்களைத் திட்டமிடுங்கள்

வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, புதுச்சேரி, சென்னைக் கடற்பகுதி கொந்தளிப்பாக இருக்கும். அந்தமானுக்கு நவம்பர் முதல் மே வரை ஏற்ற காலம். நேத்ராணியில் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இறங்க முடியாது. "வருடம் முழுவதும் கடல் ஒரே மாதிரிதான்" என்று எந்த ஊரைப் பற்றிச் சொன்னாலும், சொல்பவருக்கு அந்த ஊர்க் கடல் தெரியாது அல்லது காலியிடம் நிரப்பப் பார்க்கிறார்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆளைத் தேடத் தொடங்குங்கள். முதல் வாரத்தில் இரண்டு மூன்று பேரிடம் ஒரே கேள்விகளை, ஒரே சொற்களில், எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. இரண்டாம் வாரத்தில் எண்களைச் சரிபார்த்துவிடலாம். அதன் பின் மூன்று வாரம் மருத்துவருக்கு. மருத்துவர் ஒப்புதல் கையில் வந்த பிறகே முன்பணம் கட்டுங்கள். கட்டும்போது, உங்களுக்குக் கற்றுத்தரப் போகும் இன்ஸ்ட்ரக்டரின் பெயரும் எண்ணும், படகில் ஆக்சிஜன் கருவி இருக்கும் என்ற உறுதியும், கடல் சரியில்லாமல் டைவ் ரத்தானால் பணம் திரும்புமா அல்லது வேறு நாள் தருவார்களா என்பதும் ரசீதிலோ குறுஞ்செய்தியிலோ பதிவாகட்டும். அங்கே போனதும் வேறொருவர் கற்றுத்தர வந்தால், கருவியை மாட்டிக்கொள்ளும் முன் அவருடைய எண்ணையும் கேட்டுச் சரிபாருங்கள்.